அம்மாவின் குரலைக் காணோம்!

பீரோவை ஒழிக்கப் போனால் ஏதாவது ஒரு சங்கதி கிளம்பாமல் இராது என்று இந்தப் பக்கத்தில் முன்பே புலம்பியிருக்கிறேன். இந்தத் தடவை கிளம்பியவை இரண்டு சின்ன வீடியோ கேஸட்டுகள். உள்ளங்கையில் அடங்கிவிடும். மேலே சித்தப்பாவின் கோணல் எழுத்தில், ‘வளைகாப்பு, 1994’ என்று எழுதியிருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு வளைகாப்பு நடந்தபோது சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். வரும்போது தோளில் ஒரு காமிராவை மாட்டிக்கொண்டு வந்தார். எங்கள் தெருவுக்கே அது ஓர் அதிசயம். மனுஷர் சாப்பிடக்கூட உட்காரவில்லை. கூடம், சமையலறை, கொல்லை என்று நாள் முழுதும் படம் பிடித்துக்கொண்டே அலைந்தார். மறு வருஷமே அம்மா போய்விட்டாள். அப்போது என் பெண்ணுக்கு ஆறு மாதம். அம்மாவின் போட்டோக்கள் வீட்டில் நாலைந்து இருக்கின்றன. குரல்? எங்கேயும் கிடையாது. இருந்தால் இந்தக் கேஸட்டுகளில்தான் இருக்கவேண்டும்.

இப்போது அந்தப் பெண்ணுக்கு வளைகாப்பு. நாள் கூடக் குறித்தாகிவிட்டது. பாட்டி எப்படிப் பேசுவாள் என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்குப் போட்டுக் காட்டினால் எப்படி இருக்கும்! பழைய கேஸட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரும் கடை ஒன்றில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் பென் டிரைவ் வந்தது. எல்லோரும் டி.வி. முன்னால் கூடினோம். திரையில் பூமாரி பொழிந்தது. சிவப்பு இதயங்கள் சுழன்றன. என் முகம் இரண்டாகப் பிளந்து அதற்குள்ளிருந்து என் நாத்தனாரின் முகம் வந்தது! (நாத்தனார் ரொம்ப ரசித்தாள்.) ஆரம்பம் முதல் கடைசி வரை பின்னால் சினிமாப் பாட்டு. 110 நிமிஷப் படம் 22 நிமிஷமாகியிருந்தது. ஒருவர் பேச்சும் கேட்கவில்லை.

கடைக்கு ஓடினேன். கடைக்காரப் பிள்ளை ரொம்ப நல்ல மாதிரி. “ஒரே இரைச்சல் அம்மா. எல்லாரும் ஒரே நேரத்துல பேசிட்டிருந்தாங்க. உங்களுக்கு நல்லா இருக்கட்டும்னுதான் சத்தத்தை எடுத்துட்டுப் பாட்டுப் போட்டேன். நடுவுல ரொம்ப வேஸ்ட் அம்மா, அதையும் வெட்டிட்டேன்” என்றான். அவனைக் கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை. கேஸட்டுகளை மட்டும் பத்திரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் பெண் வந்தாள். அவள் சினிமாவில் எடிட்டிங் அறையில் உதவியாளராக இருக்கிறாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “கேஸட் இருக்கு இல்லே அத்தை? அப்புறம் என்ன? நீங்களே பண்ணிடலாம்” என்றாள்.

“நானா? போடி!”

“உங்களுக்குத் தைக்கத் தெரியும் இல்லே? அது போதும்.”

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லையாம். ஹாலிவுட்டில் மௌனப் பட காலத்தில், பிலிமைக் கத்தரித்துப் பசை தடவி ஒட்டும் வேலையில் பெண்கள் ஏராளமாக இருந்திருக்கிறார்கள். தையல் வேலை மாதிரிதானே, பெண்கள் செய்யட்டும் என்று விட்டுவிட்டார்களாம். 1924இல் ஐவன் செருரியர் என்பவர் கண்டுபிடித்த மூவியோலா என்ற எடிட்டிங் யந்திரத்தின் படத்தைக் காட்டினாள். காலால் அழுத்தி ஓட்டுகிற யந்திரம். பார்ப்பதற்கும் கேட்பதற்கும் அசல் தையல் மெஷினேதான்!

அந்தத் ‘தையல்காரிகள்’ சாமானியப்பட்டவர்கள் அல்ல. ஸெஸில் பி. டெமில்லின் படங்களை வருஷக்கணக்காக வெட்டி ஒட்டிய ஆன் பாசென்ஸ் என்ற அம்மாள், 1940இல் வந்த ஒரு படத்துக்காக ஆஸ்கார் வாங்கினார். எடிட்டிங்குக்காக அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவர்தான். 1975இல் ஊரையே நடுங்க வைத்த ‘ஜாஸ்’ படத்தின் சுறாவை, காட்டவேண்டிய இடத்தில் மட்டும் காட்டி, மற்ற இடத்தில் ஒளித்து வைத்து நம்மைப் பயமுறுத்தியவர் வெர்னா ஃபீல்ட்ஸ். நம் நாட்டில் ரேணு சலூஜா இருந்தார். பூனா பிலிம் இன்ஸ்டிட்யூட்டில் படித்தவர். ‘பரிந்தா’ என்ற ஹிந்திப் படத்துக்காகத் தேசிய விருது பெற்றவர். கத்தரிக்கோல் பிடித்த கைக்கு இதில் சொந்தம் உண்டு என்று எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

முதல் தொல்லை, கேஸட்டை ஓட்டுவது. அந்த ரகத்துக்கு வீடியோ-8 என்று பெயர். அதே ரகத்துக் காமிரா வேண்டும். மாடி வீட்டு அம்மாளின் பரணில் ஒன்று, பழைய புடவையில் சுற்றித் தூங்கிக்கொண்டிருந்தது. நாடாவில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தால் ஓட்டவே கூடாது. நாடாவும் போய்விடும், காமிராவும் போய்விடும். நல்ல வேளை, எங்களுடையது சுத்தமாக இருந்தது. வருஷக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்த நாடா ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் ஒரு தடவை கடைசி வரை சுற்றி, மறுபடி முதலுக்குத் திருப்பிக்கொண்டோம். காமிராவிலிருந்து மஞ்சள் வயர் படத்துக்கு, வெள்ளை வயர் சத்தத்துக்கு. மறுமுனையில் ஒரு சின்ன யு.எஸ்.பி. கருவி. கம்ப்யூட்டரில் பதிவு செய்ய ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்ற மென்பொருள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இதில் அவசரமே செல்லாது. 110 நிமிஷக் கேஸட் பதிவாக 110 நிமிஷந்தான் ஆகும். காபியை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

பதிவானதைப் பார்த்தால், கை அசைகிற இடமெல்லாம் சீப்புப் பற்கள் மாதிரி கோடு கோடாகத் தெரிந்தது. கேஸட் கெட்டுவிட்டதோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. கெடவில்லை. அந்தக் காலத்துக் காமிரா ஒரு படத்தை ஒன்றுவிட்டு ஒரு கோடாக இரண்டு பாதிகளாகப் பதியும். விநாடிக்கு 50 பாதி, அதாவது 25 முழுப் படம். ஹேண்ட்பிரேக் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அதுவும் இலவசம். அதில் ‘டீஇன்டர்லேஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் சீப்பு மறைந்துவிடுகிறது.

இனி, வெட்டுவதற்கு எந்த மென்பொருள்? இதற்கும் காசு வேண்டாம் என்பது எனக்குப் புதுச் செய்தி. டாவின்சி ரிசால்வ் என்று ஒன்று. பெரிய சினிமாக்களுக்கு வர்ணம் சீர் செய்யப் பயன்படுவது. ஆஸ்திரேலியாவிலுள்ள பிளாக்மாஜிக் டிசைன் என்ற நிறுவனத்தார், காசு வாங்கும் பதிப்போடு இலவசப் பதிப்பு ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். கூடவே பாடப் புத்தகங்கள், பழகிப் பார்ப்பதற்கான படத்துண்டுகள் எல்லாவற்றையும் தங்கள் இணையதளத்திலேயே கொடுக்கிறார்கள். ஆனால் அதற்குத் தாட்டியான கம்ப்யூட்டர் வேண்டும். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கோ வயதாகிவிட்டது. ஆகவே எனக்கு வாய்த்தது கேடன்லைவ். பலர் சேர்ந்து ஊருக்குப் பொதுவாக உருவாக்கியது. ஷாட்கட் என்பதும் அதே மாதிரிதான், இன்னும் எளிது. போனிலேயே வெட்டி ஒட்டும் செயலிகளும் உண்டு. இலவசம் என்று சொல்லிவிட்டு மூலையில் தங்கள் முத்திரையைக் குத்திவிடுகிறவை சில, முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் இப்போது எடுக்கிற படங்கள் ரொம்பக் கனம். கம்ப்யூட்டர் திக்கித் திணறினால் ‘பிராக்ஸி’ என்று ஒரு வழி இருக்கிறது. கனமான படத்துக்குப் பதிலாக லேசான நகல் ஒன்றைச் செய்துகொண்டு அதை வைத்து வேலை செய்யலாம். கடைசியில் படத்தை வெளியே எடுக்கும்போது அசல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கல்யாணப் புடவையை வெட்டுமுன் காகிதத்தில் அளவு வெட்டிப் பார்ப்பதில்லையா, அது போல.

ஆனால் வெட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யச் சொன்னாள் நாத்தனார் பெண். “முதல்ல எதையும் வெட்டாதீங்க அத்தை. நோட்டை எடுத்து வெச்சிக்கிட்டு, மொத்தமும் பாருங்க. எந்த நிமிஷத்துல என்ன இருக்குன்னு எழுதுங்க. எது வேஸ்ட்டுன்னு அப்புறம் பார்க்கலாம்.”

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். மூன்று மத்தியானங்கள் ஆயின. அம்மா திரையில் ஒரே ஒரு தடவைதான் வருகிறாள், அதுவும் முதுகு. மற்ற நேரமெல்லாம் எங்கேயோ வேலையாக இருக்கிறாள். குரல் மட்டும் பக்கத்து அறையிலிருந்து வருகிறது. “இலை பத்தலைன்னா வாழைக் கொல்லைக்கு ஆளனுப்பு.” “என்னை எடுக்காதீங்க தம்பி, புடவையெல்லாம் மஞ்சள்.” இப்படி ஏழு இடம். எல்லாம் சேர்த்து 52 விநாடி.

அதிலே தெளிவாகக் கேட்ட இடம் எது தெரியுமா? சித்தப்பா காமிராவை நிறுத்த மறந்து தொங்கவிட்டுக்கொண்டு யாருடனோ பேசப் போன இடம்! படத்தில் தரையும், வாசலில் கழற்றிவிட்ட செருப்பு வரிசையுந்தான் தெரிகின்றன. இரண்டு நிமிஷம் செருப்பு. அதன்மேல் அம்மாவின் குரல், பக்கத்தில் நின்று பேசுகிறாற்போல: “கண்ணாடி வளையலை முதல்ல போடுங்க. தங்கம் எங்கேயும் ஓடிடாது.”

கடைக்காரப் பிள்ளை வெட்டிய ‘வேஸ்ட்’ இதுதான். அவனை எப்படிக் குற்றம் சொல்வது? படத்தைப் பார்த்தால் நானும் வெட்டியிருப்பேன்.

குரலுக்குப் பின்னால் கொல்லையில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஆடாசிட்டி. சத்தத்தைத் திருத்தும் மென்பொருள், 2000ஆம் வருஷத்திலிருந்து இலவசமாகவே இருந்து வருகிறது. யாரும் பேசாமல் மோட்டார் மட்டும் ஓடுகிற ஒரு துண்டைக் காட்டி, ‘இதுதான் இரைச்சல், அடையாளம் வைத்துக்கொள்’ என்று முதலில் சொல்லவேண்டும். பிறகு மொத்தத்திலிருந்தும் அதைக் குறைத்துவிடும். ஒரே சீராக ஓடும் மோட்டார், மின்விசிறி இவற்றைத்தான் குறைக்கும், குழந்தை அழுகைக்கு அது மருந்தல்ல. ஆசைப்பட்டு நிறையக் குறைத்தேனோ இல்லையோ, அம்மா கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறாற்போல் ஆகிவிட்டது. அவசரமாகப் பழையபடி திருப்பினேன். கொஞ்சம் மோட்டார் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் வீட்டு மோட்டார்தானே!

அப்புறந்தான் நிஜமான எடிட்டிங். சத்தமும் படமும் ஒரே இடத்தில் வெட்டுப்பட வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய கண்திறப்பு. படம் மாறின பிறகும் பழைய பேச்சு தொடர்ந்தால் அதற்கு எல்-கட். அடுத்த படத்தின் பேச்சு முன்னதாகவே காதில் விழுந்தால் ஜே-கட். டைம்லைனில் துண்டுகள் அந்த இங்கிலீஷ் எழுத்துக்களின் வடிவில் கிடப்பதால் அந்தப் பெயர்கள். இப்போது எந்தச் சினிமாவைப் பார்த்தாலும் எனக்கு இது தெரிகிறது, கதையில் மனம் போகமாட்டேன் என்கிறது. நான் செய்தது இதுதான்: செருப்பில் ஆரம்பித்தேன். “கண்ணாடி வளையலை முதல்ல போடுங்க” என்று குரல் கேட்கும். “தங்கம்” என்ற சொல் வரும்போது படம் மாறி, பெரியம்மா என் கையில் பச்சை வளையலை ஏற்றுவது தெரியும். குரல் மட்டும் தொடரும்.

“முழுக்க வளையல் படத்தையே போட்டுடுங்களேன் அத்தை, செருப்பு எதுக்கு?” என்றாள் நாத்தனார் பெண்.

“அந்த வரிசையிலே மூணாவது ஜோடி பாரு, வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கே. அது அம்மாவுடையது” என்றேன். அவள் அதற்கப்புறம் பேசவில்லை.

வால்டர் மர்ச் என்று ஒரு பிரபல அமெரிக்க எடிட்டர். ‘அபோகலிப்ஸ் நௌ’ படத்தில் வேலை செய்தவர். அதில் ஒரு நிமிஷப் படத்துக்குச் சுமார் 95 நிமிஷம் எடுத்துக் குவித்திருந்தார்களாம். எங்கே வெட்டுவது என்பதற்கு ஆறு காரணங்களை வரிசைப்படுத்தி அவர் புத்தகம் எழுதியிருக்கிறார். அதில் உணர்ச்சிக்கு மட்டும் நூற்றுக்கு 51 மார்க், கதைக்கு 23. மற்ற நாலுக்கும் சேர்த்து மிச்சம். என் செருப்பு அந்த 51இல் அடங்கும் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். இந்த மாதிரி விஷயங்களைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள, யூட்யூபில் டோனி ஜௌ, டெய்லர் ரேமோஸ் இருவரும் செய்த ‘எவ்ரி ஃபிரேம் எ பெயின்டிங்’ என்ற வரிசை இருக்கிறது. அதில் 2016இல் வந்த ஒன்று, எடிட்டர் எப்படி யோசிக்கிறார் என்பதைப் பற்றியது. முகத்தில் ஓர் உணர்ச்சி முழுசாக வந்து சேர நேரம் கொடுக்கவேண்டும், அதற்குள் வெட்டினால் செத்துப்போகும் என்பதை அதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

முதல் பிரதி 38 நிமிஷம் வந்தது. நாத்தனார் பெண் பார்த்துவிட்டு நாசூக்காக, “காபி இருக்கா அத்தை?” என்றாள். புரிந்துகொண்டேன். பந்தி வெட்டினேன், மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குவதை வெட்டினேன். என் வீட்டுக்காரர் வேட்டி தடுக்கி விழப் பார்த்ததை மட்டும் வெட்டவில்லை. அவர் கேட்டுக்கொண்டும் வெட்டவில்லை. கடைசியில் 9 நிமிஷம்.

நடுவில் ஒரு விபரீதமும் நடந்தது. எல்லாம் முடிந்துவிட்டதே என்று, வீட்டுக்காரி புத்தி, கம்ப்யூட்டரைத் துப்புரவு செய்தேன். கேஸட்டிலிருந்து பதிந்த பெரிய பெரிய கோப்புகளையெல்லாம் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். மறுநாள் திறந்தால் டைம்லைன் முழுதும் காலி, படங்களைக் காணோம் என்கிறது! எடிட்டிங் மென்பொருள் அசலைத் தொடுவதே இல்லை. எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது என்று சாக்கட்டியால் கோடு போட்டு வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். துணியையே எடுத்து எறிந்துவிட்டால் கோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய? குப்பைத் தொட்டியை நான் காலி செய்யாமல் இருந்தேனோ, பிழைத்தேன். அன்றே மூன்று பிரதிகள் எடுத்தோம்: கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, நாத்தனார் வீட்டில் ஒன்று. ஒரே வீட்டில் எல்லாப் பிரதியும் இருக்கக் கூடாதாம்.

பின்னணி சங்கீதம் பற்றி ஒரு வார்த்தை. அம்மாவுக்குப் பிடித்த பழைய சினிமாப் பாட்டு ஒன்றைக் கடைசியில் போட எனக்கு ஆசை. வீட்டில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் சிங்கப்பூரில் சித்தப்பா பார்க்கட்டும் என்று யூட்யூபில் ஏற்றினால், 2007 முதல் அவர்கள் வைத்திருக்கும் ஓர் ஏற்பாடு பாட்டைக் கண்டுபிடித்துவிடும். உரிமைக்காரர் நினைத்தால் படத்தையே நிறுத்தலாம். இதற்குத்தான் யூட்யூபே ‘ஆடியோ லைப்ரரி’ என்று இலவச சங்கீதம் வைத்திருக்கிறது. மழை, மணி, ரெயில் சத்தம் வேண்டுமானால் ஃப்ரீசவுண்ட் என்று ஓர் இடம். பார்சிலோனாவில் ஒரு பல்கலைக்கழகத்தார் 2005இல் ஆரம்பித்தது. ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்று போட்டிருந்தால் கூடவே நிபந்தனையையும் படியுங்கள். பெயர் போடச் சொல்வார்கள் சிலர். வியாபாரத்துக்கு ஆகாது என்பார்கள் சிலர். மாற்றம் செய்யக்கூடாது என்றிருந்தால் அந்தப் பாட்டைப் படத்தோடு சேர்ப்பதே மாற்றம் என்று கணக்கு, ஆகவே தொடவேண்டாம்.

பழைய படத்துண்டுகளுக்கு, 1996இல் ஆரம்பித்த இன்டர்நெட் ஆர்க்கைவில் பிரெலிங்கர் தொகுப்பு என்று ஒன்று உண்டு. என் வேலைக்கு அது வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் ஒரு மத்தியானம் அதிலேயே போயிற்று. 1956இல் ஜெனரல் மோட்டார்ஸ்காரர்கள் எடுத்த விளம்பரப் படத்தில் ஒரு பெண் ‘நாளைய சமையலறை’யில் நடனமாடுகிறாள், கேக் தானாகத் தயாராகிறது! நம் வீட்டுக்கு அந்த நாளை இன்னும் வந்து சேரவில்லை.

கடைசியில் எந்த சங்கீதமும் தேவைப்படவில்லை. வளையல் அடுக்கும்போது பெரியம்மா சுருதி சேராமல் பாடிய பாட்டு கேஸட்டிலேயே இருந்தது. அதைவிட என்ன வேண்டும்!

சித்தப்பாவுக்குத்தான் முதலில் அனுப்பினேன். ராத்திரி போன் வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அண்ணி குரல்...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஏம்மா, ரெண்டு கேஸட்தான் இருக்குங்கறே? மூணு எடுத்தேனே. சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் அண்ணியைக் கூடத்திலே உட்கார வெச்சு எடுத்தேன். திட்டிக்கிட்டேதான் உட்கார்ந்தாங்க. அது இங்கே என் பெட்டியிலே இருக்கணும்” என்றார்.

தேடிக்கொண்டிருக்கிறார். மாடி வீட்டு அம்மாளிடம் காமிராவை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.